சோதியாமையே கொடிய சோதனை

மருந்துப் பரிசோதனை என்ற சொல் எங்கேனும் ஒலித்த மாத்திரத்தே, "எம் மக்களைப் பரிசோதனை எலிகளாக்காதீர்" என்னும் குரலும் உடனெழுதல் நம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. குரலெழுப்புவோர் பெரும்பாலும் நல்லெண்ணம் படைத்தோர், வறியோர்பாற் பரிவுடையோர், பல்கலைக்கழகங்களிற் பயில்வோரும் பயிற்றுவோரும் அவருட் பலர். ஆயினும் நல்லெண்ணம் ஒன்றே ஒரு வாதத்தை உண்மையாக்கிவிடாது. அக்குரல் யாரைக் காக்க எழுகின்றதோ அவர்க்கே அது கேடு விளைக்கின்றதெனின், அதனை மறுத்துரைத்தல் கடமையாகின்றது.

முதற்கண் ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். இச்சுலோகம் வெறுங் கற்பனையிற் பிறந்ததன்று. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, கிரந்தி நோயுற்ற 399 கறுப்பின ஆண்கள் சிகிச்சையின்றி விடப்பட்டு அவதானிக்கப்பட்டனர். பெனிசிலின் வழக்கிற்கு வந்த பின்னரும் அம்மருந்து அவர்க்கு மறைக்கப்பட்டது. 1996இல் நைஜீரியாவின் கானோ நகரில் மூளைக்காய்ச்சல் பரவியவேளை, பைசர் நிறுவனம் தனது ட்றோவன் என்னும் புதிய மருந்தை 200 சிறுவரைக் கொண்ட சோதனையொன்றில், வழக்கிலிருந்த மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பதினொரு பிள்ளைகள் இறந்தனர். இரு மருந்துகளையும் பெற்றோரில் ஏறத்தாழச் சமமானோரே இறந்தனர் என்பது உண்மை. ஆயினும், நிகழ்வது பரிசோதனை என்பதே தமக்கு உரைக்கப்படவில்லை எனப் பெற்றோர் முறையிட்டனர். நிறுவனம் குற்றத்தை மறுத்தது. எனினும் 2009இல் கானோ மாநிலத்தோடு ஏழரைக் கோடி டொலருக்கு இணக்கங் கண்டது. இவற்றை மறந்து பேசும் எவரும் மருத்துவ ஆராய்ச்சியின் சார்பிற் பேசும் தகுதியை இழந்தவராவர்.

ஆனால் இவ்விரு நிகழ்ச்சிகளிலும் குற்றம் யாது? சோதனை நிகழ்ந்தமையா? ஒன்றில், அறியப்பட்ட மருந்து மறுக்கப்பட்டது. மற்றையதில், சம்மதம் முறையாகப் பெறப்பட்டதா என்பதே வினாவாயிற்று. வஞ்சனையும் மறைப்புமே குற்றம். கள்ளத் தராசு வைத்திருக்கும் வணிகனைக் கண்டித்தற்குப் பதிலாக நிறுத்தலே கூடாது எனக் கூச்சலிடுவோரை யாது சொல்வது? நம் சுலோகக்காரர் அதனையே செய்கின்றனர். நிறுக்காது வாங்குவோன் ஏமாற்றப்படான் என்பது அவர்தம் துணிபு போலும்.

தொலைவிலுள்ள நாடுகளை விடுத்து, நம் நாட்டு வயல் வரம்பிற்கு வருவோம். இலங்கையில் 2012, 2013ஆம் ஆண்டுகளில் 44,136 வீடுகளில் நடத்தப்பட்ட சமூக ஆய்வொன்றின் அடிப்படையில், ஆண்டொன்றில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு உள்ளாகின்றனர் எனவும், அவருள் 30,000 பேர்க்கு விடம் ஏறுகின்றது எனவும், 400இற்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர் எனவும் மதிப்பிடப்பட்டது. கடியுண்போர் யார்? விதைப்பிலும் அறுவடையிலும் சேற்றில் நிற்கும் கமக்காரர், தோட்டத் தொழிலாளர், மண் தரையிற் பாய் விரித்துறங்கும் ஏழைகள். உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் வரிசையிற் சேர்த்தது 2017இலேயே ஆகும். செல்வர் நாடுகளில் இந்நோய் அருகியிருத்தலின், அந்நாடுகளின் மருந்து நிறுவனங்கட்கு இதில் ஆர்வம் இல்லை. ஆகவே இந்நோய்க்கு ஏற்ற சிகிச்சை எது என்பதை இங்குள்ள நோயாளரைக் கொண்டன்றி வேறெவரைக் கொண்டும் அறிய இயலாது. சுவிற்சர்லாந்தின் வங்கி முகாமையாளரைப் புடையன் தீண்டுவதில்லை.

பாம்புக்கடிக்கு ஏற்றப்படும் விடமுறி, குதிரையின் குருதியிலிருந்து பெறப்படுவது. அந்நியப் புரதமாதலின், அதனை ஏற்றுங்கால் உடல் கடுமையாக எதிர்வினை ஆற்றுவதுண்டு. உடல் தடிக்கும், மூச்சு முட்டும், குருதியமுக்கம் வீழும், சிலவேளை உயிரே போகும். கடித்த பாம்பினின்று தப்பியவன் காக்கும் மருந்தினால் மடிதல் கூடும். இதனைத் தடுக்கும் நோக்குடன் வைத்தியர்கள் நெடுங்காலமாக ஐதரோகோட்டிசோனையும் ஒவ்வாமைக்கு எதிரான மருந்துகளையும் முன்கூட்டியே ஏற்றி வந்தனர். அவை பயன்தருவன என்பதற்கு ஆதாரம் யாது? மூத்தவர் செய்தனர், இளையவர் தொடர்ந்தனர்; அவ்வளவே. விடுதியிலிருந்து விடுதிக்கு, ஆசிரியரிடமிருந்து மாணவர்க்கு அவ்வழக்கம் மரபுரிமையாய் இறங்கிற்று. வேதம் ஓதுதல்போல் மருந்தும் ஓதப்பட்டது.

இந்த ஓதலை நிறுத்திக் கேள்வி கேட்டவர் இலங்கை வைத்தியரே. 1999இல் வெளியான ஒரு சோதனையில் 105 நோயாளர் பங்குகொண்டனர். 56 பேர்க்கு விடமுறிக்கு முன் சிறிதளவு அதிரினலின் தோலின்கீழ் ஏற்றப்பட்டது; 49 பேர்க்கு வெற்று மருந்து ஏற்றப்பட்டது. முன்னையோரில் 6 பேர்க்கும் பின்னையோரில் 21 பேர்க்கும் எதிர்வினை தோன்றிற்று. நூற்றுக்கு 11 எங்கே, 43 எங்கே! ஆயினும் 105 பேர் என்பது சிறு தொகை. மரபை மாற்ற அது போதாது. எனவே 2005 முதல் 2008 வரை 1,007 நோயாளரைக் கொண்டு பெருஞ் சோதனையொன்று நடத்தப்பட்டு 2011இல் அதன் முடிவு வெளியாயிற்று. அதிரினலின், புறோமெதசீன், ஐதரோகோட்டிசோன் ஆகிய மூன்றும் தனித்தும் சேர்த்தும் எழுமாற்றாக வழங்கப்பட்டன. எவர்க்கு எது சென்றதென்பதை நோயாளரும் அறியார், வைத்தியரும் அறியார்.

முடிவு பலரையும் திடுக்கிட வைத்திருத்தல் வேண்டும். விடமுறி பெற்றோரில் முக்காற் பங்கினர்க்கு எதிர்வினை தோன்றியது. அதிரினலின் கடும் எதிர்வினைகளை முதல் ஒரு மணி நேரத்தில் 43 வீதத்தாலும், 48 மணி நேர அளவில் 38 வீதத்தாலும் குறைத்தது. நெடுங்காலம் நம்பி ஏற்றப்பட்ட ஐதரோகோட்டிசோனும் புறோமெதசீனும் எப்பயனும் தரவில்லை. அதனினும் கொடியது ஒன்றுண்டு. அதிரினலினோடு ஐதரோகோட்டிசோனைச் சேர்த்தபோது அதிரினலினின் நன்மையும் அற்றுப்போயிற்று.

இவ்விடத்தில் நம் சுலோகக்காரரை நிறுத்தி வினவுதல் தகும். இங்கே எலிகள் யாவர்? சோதனையிற் பங்குகொண்ட ஆயிரத்தெழுவரா? அவர் ஒவ்வொருவர்க்கும் விடமுறி கிடைத்தது. எதிர்வினை தோன்றியவர்க்கு உடனே சிகிச்சையும் கிடைத்தது. வெற்று மருந்து பெற்றோர் இழந்தது, பயனுடையதென முன்னரே நிலைநாட்டப்பட்ட எதனையும் அன்று. அதனை நிலைநாட்டுதற்கே சோதனை நடந்தது. மாறாக, அதற்கு முன் பல்லாண்டுகளாக மருத்துவமனைகட்கு வந்து, பயனற்ற ஊசிகளை ஏற்றுக்கொண்டு சென்ற எண்ணற்றோர் நிலை யாது? அவர்மீதும் சோதனையே நடந்தது. ஆனால் அது பதிவேடு இல்லாத சோதனை. சம்மதம் கேளாத சோதனை. ஒப்பிட ஒரு குழு இல்லாத சோதனை. ஆகவே முடிவே காணாத சோதனை. எவ்வித ஒழுக்கநெறிக் குழுவும் அதனை ஆராயவில்லை. எந்தச் சுவரொட்டியும் அதனைக் கண்டிக்கவில்லை.

அரசியலாளர் பக்கம் திரும்பினால் இந்த உண்மை இன்னும் அப்பட்டமாகத் தெரியும். 2020 டிசெம்பரில், கொரோனாத் தொற்றின் நடுவில், கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த நாட்டு வைத்தியர் ஒருவர் தேனும் சாதிக்காயும் பிறவும் சேர்த்துக் காய்ச்சிய பாணியொன்று தொற்றைப் போக்கும் எனப் பறைசாற்றப்பட்டது. காளி தேவியே அதன் பாகத்தை அருளியதாகச் சொல்லப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் இடைவெளியும் முகக்கவசமும் மறந்து அவர் வாயிலிற் குவிந்தனர். நாட்டின் சுகாதார அமைச்சரே பலர் காண அதனை அருந்தினார். 2021 சனவரியில் அவர்க்கும் தொற்று உறுதியாயிற்று. இதனால் மட்டும் அப்பாணி பயனற்றதென நிறுவப்படாது என்பதையும் சொல்லிவிடல் நேர்மை. ஒருவர் குடித்து ஒருவர்க்கு நோய் வந்தமை எதனையும் நிறுவாது. ஒருவர் குடித்து ஒருவர்க்கு நோய் வாராமையும் எதனையும் நிறுவாது. அதனாலேயே சோதனை வேண்டும் என்கிறோம். அன்று கேகாலையில் நின்ற கூட்டத்தை எலிகள் என எவரும் அழைத்திலர். அவர் "நம்பிக்கையுடைய மக்கள்" எனப்பட்டனர்!

2022இன் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தது. அவசரக் கொள்வனவு என்ற பெயரில், பதிவு செய்யப்படாத மருந்துகளும் நாட்டினுள் அனுமதிக்கப்பட்டன. 2023இல் இம்யூனோகுளோபுலின் மருந்தின் தரம்பற்றிப் பெரும் ஐயம் எழுந்து விசாரணை தொடங்கியது. முன்னர் சுகாதார அமைச்சராயிருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல அது தொடர்பில் 2024 பெப்ரவரியிற் கைதானார். வழக்கின் தீர்ப்பு நீதிமன்றின்பாற்பட்டது. ஆனால் ஒன்று தெளிவு: உரிய பதிவும் ஆய்வும் இன்றி ஒரு மருந்து நோயாளியின் நாளத்துட் செல்லுமிடத்து, அந்நோயாளியிடம் எவரும் கையொப்பம் கேட்பதில்லை. பரிசோதனைக்குத்தான் கையொப்பம் வேண்டும், மோசடிக்கு வேண்டுவதில்லை.

இனி, மரபின் பெயராற் பேசுவோர் கூற்றை நோக்குவோம். "பரராசசேகரமும் செகராசசேகரமும் பிறந்த மண்ணில் மேனாட்டுச் சோதனை எதற்கு? பல தலைமுறை அனுபவமே பெருஞ் சோதனையன்றோ?" என்பர். இவ்வாதம் செவிக்கு இனியது. ஆனால் மேற்சொன்ன எண்களை மீண்டும் எடுத்துக் கணக்கிட்டுப் பார்க்க. 80,000 கடிகளுள் 30,000இலேயே விடம் குறிப்பிடத்தக்க அளவு ஏறுகின்றது. அஃதாவது கடியுண்டோரில் அறுபது வீதத்திற்கு மேற்பட்டோர்க்கு எவ்வைத்தியமும் இன்றியே குணமாகும். ஒரு விடகடி வைத்தியர் வெறுந் திருநீற்றைத் தூவினாலும் அவரிடம் வருவோரில் ஐவரில் மூவர் எழுந்து நடப்பர். நடந்தவர் ஊரெங்கும் அவர் புகழைப் பேசுவர்; மடிந்தவர் பேசார். அனுபவம் என்பது பிழைத்தவரின் சாட்சியத்தை மட்டுமே கேட்கும் நீதிமன்றம். இது நாட்டு வைத்தியர்க்கு மாத்திரமன்றி, ஐதரோகோட்டிசோனை ஏற்றிய ஆங்கில வைத்தியர்க்கும் அப்படியே பொருந்தும். இருவரும் ஒரே பொறியில் வீழ்ந்தவர்; ஒருவர் கையில் ஏடு, மற்றவர் கையில் ஊசி.

மரபு மருந்துகள் யாவும் பயனற்றவை என்பதன்று இதன் பொருள். அவ்வாறு சொல்வோர் மரபுவாதியின் மறுபதிப்பாவர். சீனத்துத் து யூயூ, நான்காம் நூற்றாண்டில் கீ ஹொங் எழுதிய மருத்துவக் குறிப்பினின்று தூண்டுதல் பெற்று, 1970களின் தொடக்கத்தில் மலேரியாவுக்கு ஆட்டிமிசினினைக் கண்டறிந்தார். முதலில் தம்மீதே சோதித்தார். 2015இல் நோபெல் பரிசு பெற்றார். சர்ப்பகந்தா என்னும் மூலிகையைப் பாம்புக்கடிக்கும் சித்தப்பிரமைக்கும் இந்தியர் நெடுங்காலமாக வழங்கினர். 1931இல் சென்னும் போசும் ஆராய்ந்தனர். 1949இல் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வகீல் நோயாளரிடத்துத் தாம் கண்டதை வெளியிட்டார். அது குருதியமுக்கத்தைக் குறைக்கும் மருந்தென உலகறிந்தது. பெயரிலே பாம்பைக் கொண்ட மூலிகை இறுதியிற் பயன்பட்டது வேறொரு நோய்க்கு! சோதனை இல்லையேல் இது தெரியவந்திருக்குமா? நம் நாட்டிலேயே, சிங்கள மக்கள் கொத்தல ஹிம்புட்டு என்றும் தமிழர் பொன்கொறண்டி என்றும் வழங்கும் மூலிகை நீரிழிவு நோயாளர் 51 பேரிடத்து இருபுற மறைப்புடன் சோதிக்கப்பட்டது. குருதியில் வெல்லத்தின் நீண்டகால அளவு குறைந்ததென 2005இல் முடிவு வெளியாயிற்று. மரபுக்கு இழைக்கத்தக்க பெரும் அவமதிப்பு அதனைச் சோதிக்க மறுத்தலே. உள்ளூர அதனை நம்பாதவனே சோதனைக்கு அஞ்சுவான்.

வறியவரைச் சோதித்தல் எப்போதும் செல்வர்க்கே பயன்படும் என்ற கருத்தும் இவ்விடத்து ஆராயத்தக்கது. கடல் கடந்து மிகத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சென்னைக்குச் செல்லுதல் போதும். 1956இல் அங்கே காசநோய் மருந்துச்சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியன அதன் பங்காளிகள். அந்நாளிற் காசநோயாளியைச் சானடோரியத்திற் கிடத்தி, ஓய்வும் நல்லுணவும் அளித்தலே சிகிச்சையின் உயிர்நாடி என எங்கும் நம்பப்பட்டது. படுக்கைகளோ சில, நோயாளரோ இலட்சக்கணக்கினர். சென்னையின் வறிய நோயாளர் 193 பேர் எழுமாற்றாக இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்குச் சானடோரியத்திலும், மறு பிரிவினர்க்கு அவர்தம் நெருக்கடியான குடியிருப்புகளிலும் ஒரே மருந்துகள் ஓராண்டு வழங்கப்பட்டன. வீட்டிலிருந்தோர் உண்டது குறைவு, உழைத்தது மிகுதி, காற்றோட்டமும் குறைவு. ஆயினும் 1959இல் வெளியான முடிவு, இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவிற் குணமடைந்தனர் எனக் காட்டிற்று. வீட்டிலுள்ள ஏனையோர்க்கு நோய் பரவும் ஆபத்தும் அதனால் அதிகரிக்கவில்லை.

அம்முடிவு யார்க்குப் பயன்பட்டது? அடுத்தடுத்த ஆண்டுகளிற் சானடோரியங்கள் உலகெங்கும் மூடப்பட்டன. படுக்கை கிடையாமையாற் சாகவிருந்த ஆசிய, ஆபிரிக்க ஏழைகள் தம் குடிசையிலேயே மருந்துண்டு பிழைத்தனர். இன்னும், அந்நிலையம் மற்றொரு வினாவையும் எழுப்பியது. ஐசோனியசிட் மலிவு, அதனோடு சேர்க்கப்படும் பாஸ் என்னும் மருந்து விலை கூடியது, விழுங்குதற்கும் கடியது. ஏழை நாடுகள் ஐசோனியசிட்டை மாத்திரம் கொடுத்தால் ஆகாதா? சோதித்தனர். இரண்டும் சேர்ந்ததே சிறந்தது என்பது தெளிந்தது. "ஏழைக்கு இது போதும்" என்று சோதியாமலே முடிவு செய்திருப்பின், மருந்துக்குப் பணியாக் கிருமிகளை ஏழை நாடெங்கும் விதைத்ததாக முடிந்திருக்கும். ஏழைக்குத் தாழ்ந்த மருந்து போதாது என்பதை ஏழைகளின் சோதனையே நிறுவியது. இதனைச் சுரண்டல் என்பவர் அச்சொல்லின் பொருளை மறந்தவராவர்.

இவ்வளவும் கூறியதால், ஆராய்ச்சியாளர் கை எப்போதும் தூயது எனக் கொள்ளற்க. அவர்பாலும் கேட்க வேண்டிய கேள்விகள் உள. அவற்றைக் கேளாது சுலோகத்தோடு நின்றுவிடுவதே நம்மவரின் உண்மைத் தவறு.

கேள்வி யாருடையது? அதுவே முதலாவது. 1994இல், கருவுற்ற எச்.ஐ.வி. தாயர்க்கு ஏ.இசட்.ரி. மருந்தை அளித்தாற் குழந்தைக்குத் தொற்று ஏறத்தாழ மூன்றிலிரு பங்கு குறையும் என மேனாட்டில் நிறுவப்பட்டது. அதன்பின் தாய்லாந்திலும் ஆபிரிக்காவிலும் குறுங்காலச் சிகிச்சை வெற்று மருந்தோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது. 1997இல் லூரியும் வூல்வும் இதனைக் கண்டித்தனர். நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையின் ஆசிரியர் குழுவைச் சார்ந்த மார்சியா ஏஞ்சல் டஸ்கிகீயையே நினைவூட்டினார். நீண்ட சிகிச்சையை ஏழை நாடுகள் வாங்கவியலாது. ஆகவே மலிவானதைச் சோதித்தோம் என்பது மறுதரப்பின் விடை. பின்னர் தாய்லாந்து முடிவு வந்தது: வெற்று மருந்து பெற்றோரிடத்து 18.9 வீதமாயிருந்த தொற்று, மருந்து பெற்றோரிடத்து 9.4 வீதமாகக் குறைந்தது. மலிவான சிகிச்சை பயன்படும் என்பது நன்று. ஆனால், பயன்தரும் மருந்து ஒன்று உண்டென்பதை அறிந்துகொண்டே ஒரு பாதித் தாயர்க்கு வெறும் மாவை அளித்ததை எவ்வாறு நியாயப்படுத்துவது? குறுங்காலச் சிகிச்சையை நீண்டகாலச் சிகிச்சையோடு ஒப்பிட்டிருத்தல் கூடும். பாம்புக்கடிச் சோதனையின் வெற்று மருந்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. இவ்வேறுபாட்டைக் காணாத கண் எல்லாச் சோதனையையும் ஏற்கும், அல்லது எல்லாச் சோதனையையும் மறுக்கும். இரண்டும் ஒரே குருடே. வெற்று மருந்தே இன்றி, நடைமுறைச் சிகிச்சையோடு ஒப்பிட்ட சோதனைகளும் நம் நாட்டில் உண்டு. உயர் குருதியமுக்கமுடைய 700 பேரைக் கொண்டு 2016, 2017இல் நடந்த சோதனையில், மூன்று மருந்துகளைக் குறைந்த அளவிற் சேர்த்த ஒரே குளிசை, ஆறு மாதத்தில் 70 வீதத்தினரை இலக்கு நிலைக்குக் கொணர்ந்தது. வழக்கமான சிகிச்சை 55 வீதத்தினரையே கொணர்ந்தது.

சோதனை முடிந்தபின் மருந்து யார்க்கு? இதுவே இரண்டாவது கேள்வி. நம் நாட்டிற்கு இதுவே கூரியது. 1990களின் பிற்பகுதியில், இலங்கைக் கண்ணாடி விரியனின் விடத்தையே கொண்டு, செம்மறியாட்டின் குருதியிலிருந்து ஒரு விடமுறி ஆக்கப்பட்டது. இலங்கை நோயாளரிடத்து அது சோதிக்கப்பட்டது; இந்திய மருந்தோடு ஒப்பிட்டும் பார்க்கப்பட்டது; முடிவுகள் சஞ்சிகைகளில் வெளியாயின. மருந்தோ நம் மருத்துவமனைகளின் அன்றாடப் பயன்பாட்டிற்கு வந்து சேரவில்லை. கட்டுரை வந்தது, பட்டம் வந்தது, மருந்து வரவில்லை. இன்றும் நாம் நம்பியிருப்பது இந்தியாவினின்று வரும் விடமுறியையே. அதற்கான விடத்தின் பெரும்பகுதி, சென்னைக்கருகே வடநெம்மேலியில் 1978இல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுப்பது. இருளர் உழைப்பை எவரும் குறைத்து மதிப்பிடார். ஆனால் வட தமிழ்நாட்டுப் பாம்பின் விடமும் இலங்கைப் பாம்பின் விடமும் முற்றும் ஒன்றல்ல. அதனால் மிகுந்த அளவு மருந்து ஏற்ற வேண்டியதாகின்றது, எதிர்வினையும் மிகுகின்றது. முன்சொன்ன முக்காற் பங்கினரை நினைவிற் கொள்க. உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஆக்கிய ஹெல்சிங்கிப் பிரகடனம் 2000இல் திருத்தப்பட்டபோது, சோதனையிற் பங்குகொண்டோர்க்கு அதனாற் சிறந்ததெனக் காணப்பட்ட சிகிச்சை கிடைத்தல் வேண்டும் என வரைந்தது. 2004இல் ஒரு விளக்கக் குறிப்பினால் அவ்வாசகம் மென்மையாக்கப்பட்டது. எலிச் சுலோகம் எழுப்புவோர் அன்று இக்குறிப்பிற்கு எதிராக எழுந்திருப்பின் அதற்கு ஒரு பொருள் இருந்திருக்கும்.

மூன்றாவது கேள்வி மொழிபற்றியது. இதனை மருத்துவ பீடத்தார்க்கு மட்டும் விட்டுவிடல் முடியாது. தமிழ்ச் சங்கத்தார் வாளாவிருத்தற்கும் இதில் இடமில்லை. 2006 முதல் இலங்கையிற் சோதனைகட்குப் பதிவேடு உண்டு. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் மருந்துகட்கான அதிகார சபையும் உண்டு. மருத்துவ பீடங்களில் ஒழுக்கநெறிக் குழுக்களும் உண்டு. சம்மதப் பத்திரம் நோயாளியின் மொழியில் இருத்தல் வேண்டும் என்பதும் ஏற்கப்பட்ட விதி. ஆனால் அது எந்தத் தமிழ்? "நீங்கள் எழுமாற்றாக்கப்பட்ட, இருபுற மறைப்புக் கட்டுப்பாட்டு ஆய்வொன்றிற் பங்குபற்றுநராக உள்வாங்கப்படுகின்றீர்கள்" என்று எழுதி நீட்டினால், நள்ளிரவிற் காலில் வீக்கத்தோடு கட்டிலிற் கிடக்கும் கமக்காரனுக்கு என்ன விளங்கும்? ஆங்கிலத்தின் எலும்புக்கூட்டிற்குத் தமிழ்த் தோலைப் போர்த்துவதை மொழிபெயர்ப்பு என்கின்றோம். எழுமாற்று என்பது நல்ல கலைச்சொல், வகுப்பறையில் வாழட்டும். கட்டிலருகே சொல்லவேண்டியது வேறு. "திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்ப்பதுபோல, உமக்கு எந்த மருந்து என்பதை வைத்தியரும் தெரிவு செய்யார், நீரும் தெரிவு செய்ய இயலாது. ஒன்றில் மருந்து இருக்கும். மற்றதில் வெறும் உப்புநீர். விரும்பாவிடின் வேண்டாம் எனலாம். அதனால் உமக்குரிய வைத்தியம் குறையாது." திருவுளச்சீட்டை அறியாத கமக்காரன் யாழ்ப்பாணத்திலும் இல்லை, வன்னியிலும் இல்லை.

மலையகத்திலோ நிலை இன்னும் சிக்கலானது. நோயாளி தமிழிற் பேசுவார். வைத்தியர்க்குத் தமிழ் தெரியாது. இடையில் ஒரு சிற்றூழியர் நின்று இரண்டு வாக்கியத்தை ஒரு வாக்கியமாகச் சுருக்கிச் சொல்வார். "ஐயா கையெழுத்துப் போடச் சொல்கிறார்." அங்கே அறிந்தளித்த சம்மதம் என்பது எத்துணைப் பொய்! துரை சொல்ல ஒப்பமிட்டுப் பழகிய வரலாறுடைய மக்களிடம் பெற்ற ஒப்பத்தைக் காட்டி, ஒழுக்கநெறி காக்கப்பட்டதென எவரும் மார்தட்டலாகாது. "இல்லை" எனச் சொல்லத் தெரிந்தவனின் "ஆம்" மட்டுமே சம்மதமாகும். கலைச்சொல்லாக்கத்திற்காகக் குழுக்கள் அமைத்து ஆண்டுக்கணக்கில் விவாதித்த நம் அறிஞர், ஒரு சம்மதப் பத்திரத்தை எளிய தமிழில் எழுதுவதற்கு எத்தனை மாலைப்பொழுதுகளைச் செலவிட்டனர்? எலிச் சுவரொட்டிக்குச் செலவாகும் மையில் ஒரு சிறு பங்கே இதற்குப் போதும்.

இலங்கையில் விடமுள்ள கடிகளுள் அதிக தொகைக்குக் காரணமானது, மேல்நோக்கிய மூக்கையுடைய சிறு விரியன். சிங்கள மக்கள் அதனைக் குணகட்டுவா என்பர். உலர்ந்த சருகிடையிற் கிடக்கும். வீட்டு வளவைக் கூட்டும் பெண்ணையும் தோட்டத்திற் களை பிடுங்கும் கூலியாளையும் தீண்டும். சிலர்க்குச் சிறுநீரகமே செயலிழக்கும். அதற்கென விடமுறி எதுவும் வழக்கில் இல்லை. இந்திய மருந்து அதற்கு உதவாது. கொஸ்தா ரிக்காவின் குளோடோமிரோ பிக்காடோ நிறுவனத்தின் துணையோடு, இலங்கைப் பாம்புகளின் விடத்தினின்று ஒரு விடமுறி ஆக்கப்பட்டு ஆய்வுகூட மட்டத்திற் சோதிக்கப்பட்டுள்ளது. அதுவாயினும் வேறொன்றாயினும், இவ்விரியனின் விடத்திற்கு மருந்தென வருவது எதுவும் நோயாளரிடத்துச் சோதிக்கப்பட்டே ஆகவேண்டும். கேகாலையிலோ இரத்தினபுரியிலோ ஒரு விடுதியில், கடியுண்டு வந்த இறப்பர்த் தோட்டத் தொழிலாளி ஒருவரிடம் ஒரு பத்திரம் நீட்டப்படும். அதன் தமிழ்ப் பிரதி இனிமேல்தான் எழுதப்படவேண்டும்.